ஹெட்போனில் சத்தம் விட்டு விட்டு வருகிறதா? கேபிள் வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்

கேள்வி இது: கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய ஹெட்போன். கொஞ்ச நாளாக வலது காதில் சத்தம் விட்டு விட்டு வருகிறது. காதுப் பக்கம் செருகியிருக்கும் பிளக்கைத் திருகினால் வருகிறது, தலையை ஆட்டினால் போய்விடுகிறது. புதுக் கேபிள் வாங்கினால் சரியாகுமா, இல்லை ஹெட்போனே போய்விட்டதா?

ஹெட்போன் போயிருக்க வாய்ப்பு குறைவு. உள்ளே இருக்கும் டிரைவர், அதாவது ஒலியை எழுப்பும் சிறு ஸ்பீக்கர், பழுதானால் பெரும்பாலும் ஒரேயடியாக நின்றுவிடும், இல்லாவிட்டால் எந்நேரமும் கரகரக்கும். பிளக்கைத் திருகினால் திரும்பி வருகிற சத்தம் என்றால் அது லூஸ் கான்டாக்ட்தான். ஆனால் எந்த இடத்தில் லூஸ் என்று தெரியாமல் கேபிள் வாங்கினால், நல்ல கேபிள் ஒன்றுக்கு இரண்டாகக் கையில் இருக்கும், கோளாறு அப்படியே இருக்கும். இந்த வேலையில் முக்கால்வாசி இடத்தைக் கண்டுபிடிப்பதுதான். அது தெரிந்துவிட்டால் சரிசெய்வது பல நேரங்களில் சில நிமிட வேலை.

சத்தம் வரும் வழியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போன் அல்லது ஆம்ப்ளிஃபயரின் சாக்கெட், அதில் செருகும் பிளக், கேபிள், மறுமுனைப் பிளக், காதுக் கிண்ணத்தில் உள்ள சாக்கெட், அங்கிருந்து டிரைவருக்குப் போகும் மெல்லிய ஒயர். இதில் எந்தக் கண்ணி விட்டாலும் காதுக்குக் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். கழற்றக்கூடிய கேபிளின் பெரிய சௌகரியமே, இந்தக் கண்ணிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம் என்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சாதனம், கேபிள் இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்றால் எதனால் சரியானது என்று தெரியாது.

முதலில் சாதனம். இதே ஹெட்போனை வேறு இரண்டு சாதனங்களில் செருகிப் பாருங்கள். கோளாறு கூடவே வந்தால் சாதனத்தின் மேல் பழி இல்லை. வராவிட்டால், போன் சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பையில் போட்டுப் போட்டுச் சேர்ந்த பஞ்சுத் தூசி அடியில் கெட்டியாகப் படிந்திருக்கும். பிளக் அதன் மேல் உட்கார்ந்து, கடைசி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நிற்கும். போனை அணைத்துவிட்டு, மெல்லிய மரக்குச்சியால் நோண்டி எடுத்துவிடலாம். உலோக ஊசி வேண்டாம். போன் உறை தடிமனாக இருந்தாலும் இதே கதைதான்: பிளக்கின் கழுத்து உறையில் இடித்து நின்றுவிடும். ஆம்ப்ளிஃபயரில் வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரப்பும் ஒரு பக்கம் விட்டுப்போவதும் இருந்தால், அழுக்கு குமிழுக்குள் இருக்கிறது, ஹெட்போனில் இல்லை. போனின் அமைப்புகளில் இடது வலது சமநிலை ஒரு பக்கம் தள்ளி இருக்கிறதா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அது விட்டு விட்டு வருவதற்குக் காரணம் ஆகாது, ஆனால் சோதனையைக் குழப்பும்.

அடுத்தது அசைத்துப் பார்க்கும் சோதனை. இதைப் பலரும் அவசரமாகச் செய்கிறார்கள். கேபிளை மொத்தமாகப் பிடித்து ஆட்டினால் எல்லா இணைப்பும் சேர்ந்து ஆடும், ஒன்றும் தெரியாது. இடைவெளி இல்லாத ஒலி ஒன்றை ஓடவிடுங்கள். ஒரே சுருதியில் நீளும் ஒலி மிகப் பொருத்தம், ஏனென்றால் பாட்டில் வரும் மௌனத்தையும் கோளாறையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். சத்தத்தைக் குறைவாக வையுங்கள், இணைப்பு சட்டென்று சேரும்போது காதில் அடிக்கக்கூடாது. ஹெட்போனை மேசையில் வைத்து, கோளாறுள்ள பக்கத்தை மட்டும் காதருகே வைத்துக்கொண்டால் கை இரண்டும் கிடைக்கும். இப்போது ஒரு கையால் பிளக்கின் உடலை அசையாமல் இறுக்கிப் பிடித்து, மறு கையால் அதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னால் கேபிளை மட்டும் மெதுவாக வளையுங்கள். சத்தம் விட்டால் ஒயர் அந்த இடத்தில் அறுந்திருக்கிறது. அப்புறம் கேபிளை விட்டுவிட்டு, பிளக்கை மட்டும் சாக்கெட்டுக்குள் லேசாகத் திருகுங்கள். அப்போது விட்டால் பிளக்கோ சாக்கெட்டோ காரணம். இதையே சாதனப் பக்கத்திலும், கேபிள் இரண்டாகப் பிரியும் இடத்திலும், நடுவில் மைக் பெட்டி இருந்தால் அதிலும் செய்யுங்கள்.

இரண்டு காதுக்கும் தனித்தனியாக ஒயர் போகும் வகை என்றால் இன்னும் எளிது. இடது ஒயரை வலது கிண்ணத்திலும் வலது ஒயரை இடது கிண்ணத்திலும் மாட்டுங்கள். கோளாறு மறு காதுக்குத் தாவினால் அது கேபிளிலோ சாதனத்திலோ இருக்கிறது. அதே காதில் நின்றால் அந்தக் கிண்ணத்தின் சாக்கெட் அல்லது உள் ஒயர். மீட்டர் எதுவும் இல்லாமலே பாதிக் கேள்விக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும்.

சத்தம் எப்படி விட்டுப்போகிறது என்பதைக் காது கொடுத்துக் கேட்டாலே பல விஷயம் பிடிபடும். சாதாரண ஸ்டீரியோ பிளக்கில் முனை இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட், அதாவது மின்னோட்டம் திரும்பிப் போகும் வழி. மைக் உள்ள நான்கு பகுதிப் பிளக்கில், இன்று அதிகம் புழங்கும் வகையில், இரண்டாவது வளையம் கிரவுண்ட், அடிப்பகுதி மைக். ஒரு காது மட்டும் முழுதாக நின்றுபோனால் அந்தக் காதின் ஒயரையோ அதன் தொடுமுனையையோ சந்தேகப்படுங்கள்.

ஆனால் இரண்டு காதிலும் சத்தம் இருந்து, பாடுபவரின் குரல் மட்டும் காணாமல் போய், மற்ற வாத்தியங்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டால், அது கிரவுண்ட் விட்டதன் அடையாளம். பொது ஒயர் அறுந்தால் மின்னோட்டம் திரும்பிப் போக வழியில்லாமல், இடது டிரைவர் வழியாகப் போய் வலது டிரைவர் வழியாகத் திரும்புகிறது. அப்போது இரண்டு டிரைவரும் இடது வலது ஒலிகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் ஒலிக்கும். குரல் பெரும்பாலும் இரண்டு பக்கத்திலும் சம அளவில் பதிவாகியிருக்கும். ஒன்றையொன்று கழித்தால் மிச்சம் இருக்காது. பிளக் அரைகுறையாகச் செருகியிருக்கும்போதும் இதே மாதிரி கேட்கும். அதனால் குரல் மறைந்தால் முதல் காரியமாக இரண்டு முனையையும் நன்றாக அழுத்திச் செருகிப் பாருங்கள். இது தெரியாமல் "பாட்டுக் கோப்பு கெட்டுவிட்டது" என்று நினைத்துக் கோப்பை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

சரி, கோளாறு பிளக் சாக்கெட் சந்திப்பில் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கேள்வியில் சொன்ன அறிகுறியும் அந்தப் பக்கம்தான் காட்டுகிறது. இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: அழுக்கு, பொருத்தம்.

வியர்வை, காற்றின் ஈரம், தூசி மூன்றும் சேர்ந்து தொடுமுனையில் மெல்லிய படலம் கட்டும். திருகினால் படலம் உரசி விலகும், சத்தம் வரும். மறுபடி நகர்ந்தால் போகும். 90 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள ஐசோபிரோபைல் ஆல்கஹாலில் பஞ்சு உதிராத துணியை நனைத்துப் பிளக்கை அழுத்தித் துடையுங்கள். துணியில் சாம்பல் கறை படிந்தால் அழுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கறை படியாத வரை துடையுங்கள். சாக்கெட்டுக்கு, பல் இடுக்கில் விடும் மெல்லிய பிரஷ்ஷை லேசாக நனைத்து விட்டுச் சுழற்றலாம். சொட்டச் சொட்ட ஊற்றக்கூடாது, உள்ளே டிரைவர் இருக்கிறது. சாக்கெட் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துச் செய்தால் மிச்சம் வெளியே வடியும். அப்புறம் பிளக்கைப் பலமுறை செருகி எடுத்து, உள்ளே வைத்துச் சுற்றி, சில நிமிடம் காயவிடுங்கள். மின்தொடுமுனைகளுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனர் இருந்தால் பிரஷ்ஷில் ஒரு துளி போதும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் யோசனையைக் கைவிடுங்கள். பிளக்கின் மேல் உள்ள தங்கப் பூச்சு மிக மெல்லியது. அதைச் சுரண்டிவிட்டால் அடியில் உள்ள உலோகம் சீக்கிரம் மங்கும், ஒரு மாதத்துக்கு நன்றாக இருந்துவிட்டு முன்னைவிட மோசமாகும். துரு நீக்கும் சாதாரண எண்ணெய் ஸ்ப்ரேயும் வேண்டாம். அது அடித்தவுடன் சரியானது போல் இருக்கும், பின்னால் எண்ணெய்ப் பசை தூசியைப் பிடித்து வைக்கும். அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைக்கும்.

பொருத்தம் பற்றி இன்னும் கவனமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாற்றுக் கேபிள் வாங்கியவர்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இதுதான். கிண்ணத்தில் சாக்கெட் கொஞ்சம் உள்ளே தள்ளி, குறுகிய குழிக்குள் இருக்கும். ஹெட்போனோடு வந்த கேபிளின் கழுத்து அந்தக் குழிக்கு ஏற்ப மெலிதாக இருக்கும். வெளியில் வாங்கியதன் கழுத்து தடித்திருந்தால் குழியின் வாயிலேயே இடித்து நிற்கும். பார்க்க முழுதாகச் செருகியது போலத்தான் தெரியும். இரண்டு கேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கழுத்தின் தடிமனையும் உலோகப் பகுதியின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். ரப்பர் கழுத்து கொஞ்சம்தான் தடித்திருக்கிறது என்றால் கூரான கத்தியால் சுற்றிலும் சீவி எடுக்கலாம்.

ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் போன்றவற்றில் 2.5 மி.மீ. பிளக் உள்ளே போய்த் திருகிப் பூட்டிக்கொள்ளும். பூட்டு இல்லாத கேபிளை அதில் மாட்டினால் ஒலி வரலாம், ஆனால் தலை அசையும்போதெல்லாம் பிளக்கும் அசையும். சென்ஹைசர் எச்டி 600, 650 வகையில் இரண்டு பின். ஒன்று மற்றதைவிடத் தடிமன், அதனால் திருப்பிச் செருக முடியாது. கட்டாயப்படுத்தினால் சாக்கெட் விரிந்துவிடும், அப்புறம் எந்தக் கேபிளும் இறுக்கமாக நிற்காது. ஏகேஜியின் கே240, கே702 போன்றவற்றில் மினி எக்ஸ்எல்ஆர் என்ற சிறிய வட்டப் பிளக். அது கிளிக் என்று பூட்டும் வரை போக வேண்டும். காதுக்குள் வைக்கும் இயர்போன்களில் எம்எம்சிஎக்ஸ் வகை சுழலும் இணைப்பு. சுழலச் சுழல அதன் பிளவு வளையம் தேய்ந்து தளரும், அதைக் கேபிள் மாற்றித்தான் தீர்க்க முடியும். 0.78 மி.மீ. இரட்டை பின் வகையில் பின்னைத் தலைகீழாகச் செருகினால் அந்தப் பக்கத்தின் துருவம் (பிளஸ், மைனஸ்) மாறும். சத்தம் விடாது, ஆனால் பேஸ் மெலிந்து, குரல் நடுவில் நிற்காமல் சிதறிக் கேட்கும். இரண்டு பக்கமும் ஒரே திசையில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

துடைத்தும் பொருத்தியும் சரியாகவில்லை என்றால், மின் அளவுகளைக் காட்டும் மல்டிமீட்டர் எடுக்கலாம். மிகச் சாதாரண மீட்டரே போதும். முதலில் ஹெட்போனைச் சாதனத்திலிருந்து கழற்றுங்கள். கேபிள் மாட்டியபடியே இருக்கட்டும். மீட்டரை ஓமில் (தடையை அளக்கும் அலகு) வைத்து, சாதனப் பக்கப் பிளக்கின் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளந்தால் இடது டிரைவரின் தடை வரும். வளையத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே வலது. 32 ஓம் என்று போட்ட ஹெட்போனில் ஏறக்குறைய அந்த அளவை ஒட்டி வரும். சரியான எண்ணைவிட, இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாக இருப்பதுதான் முக்கியம். மீட்டரின் கம்பி முனை தொடும்போது அந்தப் பக்க டிரைவரில் மெல்லிய "டிக்" சத்தம் கேட்கும். அது கேட்டால் டிரைவர் உயிரோடு இருக்கிறது. இப்போது மீட்டரைப் பார்த்துக்கொண்டே, முன்பு சொன்ன மாதிரி ஒவ்வொரு இடமாக அசையுங்கள். எண் சட்டென்று எகிறி, மீட்டர் முடிவிலி காட்டும் இடம்தான் கோளாறு. பீப் அடிக்கும் வசதியைவிட ஓம் அளவீடு இதற்கு நல்லது, ஏனென்றால் முழுதாக அறாமல் சில இழைகளில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒயர் பீப் அடித்துக்கொண்டே இருக்கும், எண் மட்டும் ஏறி இறங்கும்.

முனை - கிரவுண்ட், வளையம் - கிரவுண்ட் இரண்டும் ஒன்றும் காட்டாமல், முனைக்கும் வளையத்துக்கும் இடையே மட்டும் இரண்டு பக்கத்தையும் கூட்டிய எண் வந்தால் கிரவுண்ட் அறுந்தது உறுதி. 32 ஓம் ஹெட்போனில் அது 64 பக்கம் இருக்கும். புளூடூத், இரைச்சல் குறைப்பு போன்ற மின்சுற்று உள்ளே இருக்கும் ஹெட்போன்களில் இந்த எண்கள் பொருந்தாமல் போகலாம். அவற்றில் கேபிளை மட்டும் தனியாக முனைக்கு முனை அளந்து பாருங்கள். நல்ல ஒயரில் ஒரு ஓம் பக்கம்தான் வரும்.

கேபிளில்தான் அறுந்திருக்கிறது என்றால் என் யோசனை: மாற்றிவிடுங்கள். கழற்றக்கூடிய கேபிள் என்று வைத்ததே அதற்காகத்தான். பிளக்கின் கழுத்தை ஒட்டி அறுந்திருந்து, சால்டரிங் (ஈயத்தை உருக்கி ஒட்டும்) பழக்கமும் இருந்தால் மட்டும் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதுப் பிளக் வைக்கலாம். ஹெட்போன் ஒயர்களில் பெரும்பாலும் மெல்லிய இழைகளின் மேல் நிற வார்னிஷ் பூசியிருக்கும், நடுவே நூலும் கலந்திருக்கும். வார்னிஷ் போகாமல் ஈயம் ஒட்டாது. சால்டரிங் அயர்ன் முனையில் உருகிய ஈயத் துளி ஒன்றை வைத்து, ஒயர் நுனியை அதற்குள் பிடித்துக்கொண்டிருந்தால் வார்னிஷ் எரிந்து, ஈயம் ஒயரில் ஊறி ஏறுவது கண்ணுக்குத் தெரியும். புகையை முகர வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். எந்த நிறம் எந்தப் பக்கம் என்பதை மீட்டரில் பார்த்துவிட்டு வையுங்கள். நிறங்களுக்குப் பொது விதி கிடையாது. பிளக்கின் மூடியையும் சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயையும் ஈயம் வைப்பதற்கு முன்பே ஒயரில் கோத்துக்கொள்ளுங்கள். அறுந்த இடம் மைக் பெட்டியிலோ பிரியும் முட்டிலோ என்றால் மெனக்கெட வேண்டாம்.

கிண்ணத்துச் சாக்கெட் என்றால் கதை வேறு. அது எல்லாக் கேபிளுக்கும் பொது, அதைச் சரிசெய்யாமல் தீர்வு இல்லை. உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் திறக்காமல் அனுப்பிவிடுங்கள். முடிந்துவிட்டால் திறந்து பார்க்கலாம். காதுப் பஞ்சு பெரும்பாலும் விளிம்பில் கோத்தோ கொக்கியில் மாட்டியோ இருக்கும், அதன் அடியில் ஸ்க்ரூ தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவரின் காந்தம் ஸ்க்ரூடிரைவரை வெடுக்கென்று இழுக்கும், இழுத்த வேகத்தில் முனை மெல்லிய சவ்வைக் குத்திவிடும். அதனால் டிரைவர் மேல் ஒரு அட்டைத் துண்டை வைத்து மூடிவிட்டு வேலை பாருங்கள்.

சாக்கெட் சிறு பலகையில் பொருத்தப்பட்டிருந்தால், அதன் கால்களில் ஈயம் வைத்த இடங்களை நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். காலைச் சுற்றி மோதிரம் போல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் அதுதான் டிரை சால்டர், அதாவது ஒட்டு விட்டுப்போன ஈயம். பிளக்கைச் செருகி எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கால்தான் அழுத்தத்தைத் தாங்குகிறது. கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விடும். ஈயம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் தடவி, 350 டிகிரி செல்சியஸ் பக்கம் வைத்த அயர்னால் காலையும் பலகையின் செப்புத் தடத்தையும் சேர்த்துத் தொட்டு, கொஞ்சம் புது ஈயம் கொடுத்து, இரண்டு மூன்று விநாடியில் எடுத்துவிட்டு, ஆறும் வரை அசைக்காமல் விடுங்கள். அந்த நேரத்தில் பழைய பிளக் ஒன்றைச் சாக்கெட்டுக்குள் செருகி வைத்திருந்தால், பிளாஸ்டிக் இளகினாலும் உள் தகடுகள் இடம் மாறாது. டிரைவரின் முனைகளில் மட்டும் இவ்வளவு நேரம் சூடு காட்டாதீர்கள். அங்கே கம்பிச்சுருளின் முடிபோன்ற ஒயர் ஒட்டியிருக்கிறது, அது போனால் டிரைவர் போனது. ஈயம் எல்லாம் நன்றாக இருந்து, உள்ளே பிளக்கை அழுத்த வேண்டிய தகடு தளர்ந்திருந்தால் சாக்கெட்டையே மாற்ற வேண்டும். அளவும் கால்களின் வரிசையும் பார்த்து அதே மாதிரி வாங்குங்கள்.

ஒரே பக்கம் மட்டும் கேபிள் மாட்டும் ஹெட்போனில் இன்னொரு சந்தேகமும் உண்டு. சாக்கெட் இல்லாத காதுக்கு ஒயர் தலைப்பட்டை வழியாகத்தான் போகிறது. பட்டையை நீட்டும்போதும் கிண்ணத்தை மடக்கும்போதும் அது வளைந்து வளைந்து அறும். பிளக்கை அசையாமல் பிடித்துக்கொண்டு, பட்டையை மட்டும் நீட்டிச் சுருக்கிப் பாருங்கள். அந்தத் தூரத்துக் காது விட்டு விட்டு வந்தால் கேபிளும் சாக்கெட்டும் நிரபராதி. பட்டையைக் கழற்றி உள் ஒயரை மாற்ற வேண்டும், மாற்றும்போது மடங்கும் இடத்தில் கொஞ்சம் தளர்வு விட்டுக் கோக்க வேண்டும். உங்களுடையது இந்த வகையா என்று எனக்குச் சொல்லவில்லை. வலது காதில் சாக்கெட்டே இல்லை என்றால் இந்தச் சோதனையை முதலில் செய்துவிடுங்கள்.

எதைச் சரிசெய்தாலும், ஸ்க்ரூ எல்லாம் போட்டு மூடுவதற்கு முன் அசைக்கும் சோதனையை முழுதாக ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். பிளக்கை ஒரு முழுச் சுற்று சுற்றியும் சத்தம் விடாமல் வந்தால் மூடலாம். இனி கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கின் கழுத்தைப் பிடித்து நேராக இழுங்கள். ஹெட்போனைப் பையில் வைக்கும்போது கேபிளைக் கழற்றி வையுங்கள், ஏனென்றால் செருகிய பிளக் பக்கவாட்டில் நெரிபடுவதுதான் சாக்கெட்டின் கால்களை முதலில் உடைக்கிறது.